கவிழ்ந்த காரில் உயிர்காக்கும் இரும்புக் கூடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதே ஊரிலிருந்து மலையடிவாரத்துக் குரங்கணிக்கு மற்றொரு பாதை செல்கிறது. அதற்கு மேலே தோட்டங்களுக்குப் போக ஜீப்பே துணை. இவ்வழிகளில் நீங்கள் பயணம் செய்திருந்தால், வளைவுதோறும் உங்கள் உடல் வெளிப்புறமாகச் சாய்வதை உணர்ந்திருப்பீர்கள். மலையேறும் ஜீப்புக்கும் பந்தயத்தில் பாயும் காருக்கும் இயற்பியல் விதி ஒன்றுதான். அவ்விதி மீறப்படும்போது ஓட்டுநரின் உயிரைக் காப்பதற்காகவே, 'ரோல் கேஜ்' எனப்படும் இரும்புக் குழாய்க் கூடு தோன்றியது. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

வண்டி ஏன் கவிழ்கிறது?

வளைவில் திரும்பும் வண்டியை உள்நோக்கித் தள்ளுவது எது? தரையைப் பற்றியிருக்கும் டயர்களே. ஆனால் வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையில் இல்லை. அதற்கு மேலே இருக்கிறது. கீழே உள்ள சக்கரங்கள் திரும்ப, மேலே உள்ள எடை நேராகவே செல்ல முயல்கிறது. எனவே வண்டி வெளிப்புறம் சாய்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 120 செ.மீ. எனவும், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 60 செ.மீ. எனவும் கொள்வோம். இடைவெளியில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1 வருகிறது. அதாவது, வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை இருந்தால்தான் அது கவிழும். உலர்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயரின் பிடிப்பு எடையில் ஏறத்தாழ 0.8 பங்குதான். ஆகவே அவ்வண்டி கவிழும் முன் வழுக்கிவிடும். அதே வண்டியில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி, மையத்தை 80 செ.மீ. உயரத்துக்குக் கொண்டு போனால் விடை 0.75 ஆகிறது. இப்போது வழுக்கும் முன்பே கவிழ்ந்துவிடும்!

பந்தயக் கார் மிகவும் தாழ்வானது. அது எப்படிக் கவிழும் என்று நீங்கள் கேட்கலாம். பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும்போது சக்கரம் கல்லிலோ மென்மையான மண்ணிலோ தடுக்கினால் போதும். மற்றொரு காரின் சக்கரத்தின் மீது ஏறினாலும் போதும். தாழ்வான காரும் உருண்டுவிடும்.

தவறான ஒரு நம்பிக்கை

முற்காலத்துப் பந்தயக் கார்களுக்குக் கூரை இல்லை. இருக்கை வாரும் இல்லை. விபத்து நேர்ந்தால் காரிலிருந்து தூக்கி எறியப்படுவதே நல்லது என்று ஓட்டுநர்கள் பலர் நம்பினர். வார் கட்டியிருந்தால் தீப்பிடித்த காருக்குள் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நம்பிக்கை தவறானது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் காரிலிருந்து எறியப்படுபவர் அதே வேகத்தில்தான் பறப்பார். அவ்வேகத்தில் எதன் மீதேனும் மோதுவது, சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

இவ்வுண்மை பல உயிர்களைப் பலி கொண்ட பின்னரே ஏற்கப்பட்டது. 1958-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பல கார்கள் மோதின; பேட் ஓ'கானர் என்ற ஓட்டுநர் மாண்டார். மறு ஆண்டு முதல் அப்பந்தயக் கார்களில், ஓட்டுநரின் தலைக்குப் பின்னே இரும்பு வளையம் கட்டாயமாயிற்று. 1961-இல் ஃபார்முலா 1 பந்தயமும் இவ்விதியை ஏற்றது. இருக்கை வார் அங்கே கட்டாயமானது 1972-இல்தான்.

இதே காலத்தில் வேளாண்மையிலும் இது போன்ற மாற்றம் நேர்ந்தது. ஸ்வீடன் நாடு 1959-இல் புதிய டிராக்டர்களில் கவிழ்காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது.

சென்னையில் உருவான கார்

நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமையும் வரை, தென்னகப் பந்தயத்தின் புகழ்பெற்ற களம் சோழவரமே.

1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இது இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. 1962-இல் இதே அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 'ஸ்பிட்ஃபயர்' என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினர். இன்று பழங்காலக் கார்ப் பந்தயங்களில் விரும்பி ஓட்டப்படும் கார்களுள் அதுவும் ஒன்று.

இவ்விரு கார்களின் பின்சக்கர அமைப்பில் ஒரு குறை இருந்தது. ஊசல் அச்சு எனும் அவ்வமைப்பில் ஒவ்வொரு சக்கரமும் தன் அரை அச்சோடு மேலும் கீழும் ஆடும். வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் திடீரெனக் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால், காரின் பின்பகுதி மேலெழும். வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். கவிழ்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்பிட்ஃபயரில் 1970-இல் வில்லை மாற்றியமைத்து இக்குறையைக் குறைத்தனர். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில், நம் சாலைகளுக்கு ஏற்றதாகக் கருதி, ஒரே துண்டான பின்னச்சைப் பொருத்தினர்.

கூடு கட்டும் முறை

இத்தகைய பழைய காரைப் பந்தயத்துக்கு அனுப்புமுன் கூடு கட்டுவது எவ்வாறு? முதன்மையானது, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே நிற்கும் பெரிய வளையம். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் இன்றைய விதிப்படி இது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் கொண்ட இணைப்பற்ற எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது. குழாயைச் சூடாக்காமல் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் 3 மடங்குக்குக் குறையக் கூடாது. இல்லையேல் குழாய் நசுங்கி வலுவிழக்கும்.

திடமான கம்பிக்குப் பதில் குழாய் எதற்கு? மூங்கிலை நினைத்துப் பாருங்கள். 45 மி.மீ. குழாயிலுள்ள இரும்பை அதே நீளமுள்ள கம்பியாக்கினால் அதன் விட்டம் 21 மி.மீ. கூட இராது. எடை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு குழாய்க்குச் சுமார் 8 மடங்கு அதிகம்!

வளையம் மட்டும் போதாது. நான்கு மூங்கில்களால் கட்டிய பந்தல் காற்றில் கோணிப்போகும். குறுக்கே ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டினால் நிற்கும். முக்கோணம் வடிவம் மாறாது என்பதே காரணம். அதனால்தான் வளையத்தினுள் ஒரு மூலைவிட்டக் குழாயும், பின்புறம் இரண்டு சாய்வுத் தாங்கிகளும் சேர்க்கப்படுகின்றன.

அடுத்தது பாதம். மெல்லிய தரைத் தகட்டில் குழாயை அப்படியே நிறுத்தினால், கவிழும்போது அது தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு வேண்டும். ஸ்பிட்ஃபயரில் தனி அடிச்சட்டம் இருப்பதால், கூட்டின் கால்களை அதனோடு பிணைப்பது சிறந்தது.

கூடு மட்டும் காக்குமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடு மனிதனைப் பிடித்து வைப்பதில்லை. அவனைச் சுற்றியுள்ள இடம் நசுங்காமல் காக்கிறது. அந்த இடத்துக்குள் அவனை இருத்துவது இருக்கை வார். தலைக்கவசமும் வாரும் இல்லாதவனுக்கு அந்த இரும்புக் குழாயே எமனாகலாம். பந்தயக் கூட்டை அப்படியே சாலைக் காரில் பொருத்துவது இதனால்தான் ஆபத்தானது.

ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் ஜீப்புக்கும் இப்பாடம் பொருந்தும். அதன் படுதாக் கூரை வெயிலை மறைக்கும். கவிழும்போது எடையைத் தாங்காது. படுதாவுக்கு அடியில் வலிய வளையம், ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை, இருக்கைக்கு ஒரு வார், கூரைமேல் சுமையின்மை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் காப்பு. பந்தய ஓட்டுநர் ஆபத்தைத் தானே தேடிப் போகிறார். தோட்டத் தொழிலாளியோ அன்றாடக் கூலிக்காகவே அந்த வளைவுகளைக் கடக்கிறார். பந்தயத் தடத்தில் பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அவரையல்லவா முதலில் சென்றடைய வேண்டும்?