வாழைக்கறையும் அமிலக்கோலமும்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பட்டறை ஒன்றில், லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்துத் தந்த அருவாள் இது. பக்கத்தில் கிடப்பது மைத்துனர் சுவீடனிலிருந்து கொண்டுவந்த கைக்கத்தி. துருப்பிடிக்காது. அலகு முழுக்க ஆற்றுமணலில் தண்ணீர் வற்றிய தடம்போல வரிவரியாய்க் கோலம்.

அதன் எஃகு சோடர்ஃபோர்ஸில் பிறந்தது. 1676-லேயே நங்கூரம் அடிக்கத் தொடங்கிய ஊர். துருவேறாத எஃகு இரண்டு வகையைத் தூளாக்கி, மாற்றி மாற்றி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குகிறார்கள். கத்தி செய்பவர் அதை அடித்து, தேய்த்து, கடைசியில் அமிலத்தில் முக்குவார். ஒரு அடுக்கு கறுக்கும், மற்றது வெளுப்பாகவே நிற்கும். இரண்டிலும் 13, 14 சதவீதம் குரோமியம். அது காற்றுபட்டு மெல்லிய தோலாகப் படிகிறது. கீறினாலும் தோல் தானே மூடிக்கொள்ளும்.

இந்த வரிக்கோல எஃகை டமாஸ்கஸ் என்கிறார்கள். அந்தப் பெயரை முதலில் சம்பாதித்த வாள்களுக்கு உருக்கு போனது நம் தென்னாட்டிலிருந்தும்தான். கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் மூசையில் உருக்கிய தடயம் உண்டு. அந்த உருக்கில் யாரும் அடுக்கு வைக்கவில்லை. சுமார் ஒன்றரை சதவீதம் கரிமம், சூடு பார்த்து அடித்த கை, இவற்றால் வரி உள்ளேயே விளைந்தது. அதனால் சுவீடன் கத்தியின் அழகை மெச்சுகிறேன், பெயரை மட்டும் ஒப்ப மனமில்லை.

அருவாளுக்கு வருவோம். குரோமியம் பேருக்குத்தான். மழையில் ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் செம்மண் நிறம். வாழைத்தார் வெட்டியதும் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, செத்தையில் செருகுவார் அப்பா. ஆனாலும் வாழைப்பாலின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். முப்பது வருஷக் கறை அதன்மேல் திட்டுத்திட்டாய்ப் படிந்து, விளிம்பு மட்டும் வெள்ளியாய் மின்னுகிறது. இதுவும் ஒரு கோலம்தான். அந்தக் கத்திக்கு அமிலம் ஒரே நாளில் போட்டது. இதற்குத் தோட்டம் போட்டது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மண்ணில் துரு என்ன செய்யும் என்று ஆதிச்சநல்லூரில் பார்க்கலாம். 1899 முதல் அலெக்சாண்டர் ரே தோண்டியெடுத்த வாள்களும் ஈட்டிகளும் முதுமக்கள் தாழிகளருகே துருவேறித்தான் கிடந்தன. அந்த வகையில் கத்தியே ஜெயிக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பட்டறை ஆசாரியிடம் இரண்டையும் காட்டினேன். கத்தியை விரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார்.

“நல்ல வேலை அண்ணாச்சி. தேஞ்சா காய்ச்சி அடிக்கலாமா?”

கூடாது, கரி உலையில் கண்ணால் சூடு பார்த்தால் போதாது, ஆயிரம் டிகிரிக்கு மேல் அளந்து ஏற்றும் மின்னுலை வேண்டும் என்றேன்.

அவர் கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அருவாளைக் கொறட்டால் பிடித்து உலையில் செருகினார்.