போரில் சேதமடைந்த வீட்டைத் திருத்துதல்: தொடங்க முன் அறிய வேண்டியவை

26 ஆண்டுகளுக்குப் பிறகு வலிகாமம் வடக்கில் எங்கள் வளவுக்குள் கால் வைத்தபோது வீடு நின்றது. கூரை இல்லை. கதவு, யன்னல், நிலை ஒன்றும் இல்லை. குசினிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் வளர்ந்திருந்தது. "சுவர் நிக்குதுதானே, கூரையைப் போட்டால் சரி" என்றா அம்மா. நாங்களும் அதையே நம்பினோம். கொந்தராத்துக்கு வந்தவரும் அதையே சொன்னார். அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய காசில் ஆறு லட்சம் ரூபாவை முற்பணமாகக் கொடுத்தோம். அவர் பழைய சுவருக்கு மேலேயே பூசி, கூரைக்கு மரம் ஏற்றத் தொடங்கினார். கார்த்திகை மழையில் சுவரின் மேற்பகுதி மரத்தோடு சேர்ந்து விழுந்தது. நல்ல காலம், உள்ளே ஒருவரும் இருக்கவில்லை. அதன் பிறகு அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

இரண்டாம் முறை வேறு ஒரு மேசனோடு வேலையை முடித்தோம். இந்த இரண்டு அனுபவத்திலும் படித்ததை, இப்போதுதான் காணி கிடைத்தவர்களுக்கும், பாதி திருத்திய வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

துப்பரவாக்க முன்

நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவில் மண்வெட்டி போட முன், அந்தப் பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அகற்றப்பட்ட காணியிலும் கிணறு இறைக்கும்போதும், இடிபாடு அள்ளும்போதும், மலக்குழி தோண்டும்போதும் கவனம் வேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு விலகி, 119க்கு அறிவியுங்கள். குப்பைக்கு நெருப்பு வைப்பதும் ஆபத்து. நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்பது தெரியாது.

இடிக்க முன் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு சுவரையும், ஷெல் பட்ட இடத்தையும் எடுத்து, படங்களின் பிரதியை வேறொருவரிடமும் கொடுத்து வையுங்கள். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. அங்கோ வேறெங்கோ இழப்பைச் சொல்ல வேண்டி வந்தால், இடித்துப் பூசிய வீடு சாட்சி சொல்லாது. படம் சொல்லும்.

எது நிற்கும், எது நிற்காது

நாங்கள் விட்ட பெரிய பிழை, கூரை இல்லாமல் கால் நூற்றாண்டு மழை குடித்த சுவரை நல்ல சுவர் என்று நினைத்ததுதான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பல சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. மேலிருந்து இறங்கும் மழைநீர் சாந்தைக் கரைத்துவிடும். கல் இருக்கும், பிடிப்பு இருக்காது. திறப்பால் கீறிப் பாருங்கள். சாந்து மாவாக உதிர்ந்தால் அந்த வரிகளைக் கழற்றியே ஆக வேண்டும். உறுதியான வரி வரும்வரை இறக்கி, அதன் மேல் கட்டி, சுவரின் தலையைச் சுற்றிக் கம்பி வைத்த கொங்கிரீட் பீம் போட்ட பிறகே கூரை ஏற்ற வேண்டும்.

பூச்சில் மட்டும் தெரியும் மயிர் வெடிப்பு பெரிய பிரச்சினை இல்லை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, விரல் நுழையும் வெடிப்பு, சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் வெடிப்பு என்பவை அத்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி, ஒரு மழைக்காலம் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

கொங்கிரீட் தட்டையும் தூணையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட்டைத் தள்ளியிருக்கக்கூடும். தீயில் வெந்த கொங்கிரீட் சில இடங்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும். இவற்றின் மேல் பூசி மறைப்பது ஆபத்தை மறைப்பதுதான். ஆல், அரசு போன்ற மரங்களைத் தறித்தால் போதாது. வேர் சுவருக்குள் இருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து எடுக்க வேண்டும்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் இருந்தால் உடைக்கவோ அரியவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுதாகவே இறக்குங்கள்.

இதையெல்லாம் நாமே முடிவு செய்ய வேண்டியதில்லை. கட்டட வேலை தெரிந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ பொறியியலாளரையோ ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள். அவர் வீட்டைத் திருத்தும் வேலையை எடுப்பவராக இருக்கக்கூடாது. அந்த ஒரு நாள் கட்டணத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் எங்கள் ஆறு லட்சம் மிஞ்சியிருக்கும்.

உறுதியும் அனுமதியும்

உறுதி தாய் தகப்பன் பெயரிலோ சகோதரர் எல்லோர் பெயரிலோ இருந்தால், செலவழிக்க முன் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். காசு போட்ட பிறகு வரும் காணிப் பிணக்கு சகோதரங்களையே பிரித்துவிடும். அறை கூட்டுவது, மாடி எடுப்பது, மலசலகூடம் புதிதாகக் கட்டுவது என்றால் பிரதேச சபையிலோ நகர, மாநகர சபையிலோ அனுமதி எடுக்க வேண்டும்.

மலக்குழியின் இடத்தை முதலிலேயே தீர்மானியுங்கள். குடாநாட்டின் சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். கழிவு அதற்குள்ளால் வேகமாகக் கிணற்றுக்குப் போய்விடும். 50 அடி தூரம் என்பது ஆகக் குறைந்த அளவு. வளவு இடம் கொடுத்தால் 100 அடி விடுங்கள். அடுத்த வளவுக் கிணற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கைக்காசுக்கு ஏற்ற திட்டம்

இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாவும், திருத்துவதற்கு 2 லட்சத்து 50 ஆயிரம் ரூபா வரையும் கிடைத்தன. அதற்கு மேல் ஓர் அறை, ஒரு விறாந்தை என்று கூட்டி, நகையை அடகு வைத்து, நுண்கடனும் எடுத்து, வீடும் முடியாமல் கடனும் முடியாமல் நிற்கும் குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கையில் இருக்கும் காசில் ஒரு அறை, குசினி, மலசலகூடம் மூன்றையும் கூரையோடு முழுதாக முடியுங்கள். மற்றதற்கு அத்திவாரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். செலவில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வையுங்கள். பழைய வீட்டில் பூச்சைக் கழற்றிய பிறகுதான் உண்மையான சேதம் தெரியும்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். தைப்பொங்கல் முடியத் தொடங்கினால் ஆவணிக்குள் கூரை போட்டுவிடலாம்.

மேசனைத் தெரிவு செய்தல்

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். மூவருக்கும் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் விலைகளை ஒப்பிட முடியாது. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற ஒற்றைத் தொகையை ஏற்காமல், சுவர், பீம், கூரை, பூச்சு, நிலம், வயரிங், குழாய் என்று பிரித்துக் கேளுங்கள். மற்ற இருவரையும்விட மிகக் குறைவாகச் சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள்.

அவர் செய்த மூன்று வீடுகளைப் போய்ப் பாருங்கள். ஒன்று இப்போது வேலை நடப்பது. ஒன்று அண்மையில் முடிந்தது. ஒன்று மூன்று மாரி கண்டது. மூன்றாவதுதான் முக்கியம். வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள்: ஒழுகியதா? சொன்ன நாளில் முடித்தாரா? பிழை சொன்னபோது திரும்பி வந்தாரா? புது வீடு கட்டுபவர் எல்லோருக்கும் பழைய சுவரின் குணம் தெரியாது. எங்கள் இரண்டாவது மேசன் முதல் நாளே விலை சொல்லவில்லை. கீறிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "இதில் நாலு வரி இறக்க வேணும்" என்றார். அதனால்தான் அவரைப் பிடித்தோம்.

ஓடாவி, மின்வேலை செய்பவர், குழாய் வேலை செய்பவர் ஆகியோரை யார் கொண்டு வருவது, யார் அவர்களுக்குப் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். பெரிய வேலையென்றால் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த ஒப்பந்தக்காரரா என்று பாருங்கள்.

எழுத்தும் காசும்

ஊர்க்காரர், உறவுக்காரர் என்றாலும் எழுதுங்கள். தொடங்கும் நாள், முடிக்கும் நாள், கலவை அளவு, கம்பியின் பருமன், பொருள் வாங்குவது யார், பழைய ஓடும் மரமும் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் சீமெந்து விலை இரு மடங்கானது. பொருளோடு கொந்தராத்து எடுத்த பலர் வேலையைப் பாதியில் விட்டார்கள். ஆகவே விலை ஏறினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் பொருளை நீங்களே வாங்கி, கூலிக்கு மட்டும் கொந்தராத்துக் கொடுங்கள்.

வீட்டுத்திட்டங்களில் காசு கட்டம் கட்டமாகத்தானே வந்தது? அதே முறையை நாமும் பிடிக்கலாம். நாங்கள் இரண்டாம் முறை கூலியை இப்படிப் பிரித்தோம்:

முற்பணம் 10 வீதம்.
சுவரும் பீமும் முடிய 20 வீதம்.
கூரை முடிய 25 வீதம்.
பூச்சும் நிலமும் முடிய 20 வீதம்.
கதவு, வயரிங், குழாய் முடிய 15 வீதம்.
ஒரு மாரி கழிய மீதி 10 வீதம்.

மணல் வாங்கும்போது அனுமதிப்பத்திரம் உள்ள டிப்பரா என்று பாருங்கள். உப்பு மணலும் உவர்க் கிணற்று நீரும் கம்பியைத் தின்னும். கொங்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். அதை மேசன் பார்ப்பார் என்று விட்டுவிடாமல் வீட்டுக்காரரே பார்ப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்கள் முழுத் தொகையையும் ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு, வேலையோடு தொடர்பில்லாத ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன பின் அனுப்புங்கள். படம் மட்டும் போதாது. எங்களுக்கும் முதல் முறை அழகான படங்கள் வந்தன. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களிடம் கூட விலை சொல்வதும், கேள்வி கேட்டால் "உங்களுக்கு விளங்காது அக்கா" என்பதும் நடக்கிறது. பேசப் போகும்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவரையாவது சாட்சிக்குக் கூட்டிப் போங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாரி முடிந்து மாசியில் அந்த மேசன் மீதிக் காசுக்கு வந்தார். காசைக் கேட்க முன் ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்தார். இரண்டு ஓட்டை மாற்றிவிட்டுத்தான் இறங்கினார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊத்தினா, தன் சொந்தக் குசினியில்.