கேட்பதற்கு ஓர் ஆள்

1844. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாடகை அறை. 22 வயது குமாஸ்தா ஒருவர் ரஷ்ய மொழியில் சத்தம் போட்டு ஒப்பிக்கிறார். எதிரே ஓர் ஏழை யூதர். அவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பின்னே எதற்கு உட்கார்ந்திருக்கிறார்? கேட்பதற்கு! தினம் இரண்டு மணி நேரம் கேட்டால், வாரம் நாலு பிராங்க் கூலி.

குமாஸ்தாவின் பெயர் ஹைன்ரிச் ஷ்லீமன். ஜெர்மன்காரர். 14 வயதில் படிப்பு நின்று மளிகைக் கடைக்குப் போனவர். 1841ல் வெனிசுவேலாவுக்குக் கப்பலேறி, அது ஹாலந்துக் கரையோரம் உடைந்து, ஆம்ஸ்டர்டாமில் ஒதுங்கியவர். சம்பளத்தில் பாதி படிப்புக்கு. ஆங்கிலம் ஆறு மாதம், பிரெஞ்சு ஆறு மாதம். அப்புறம் டச்சு, ஸ்பானிஷ், இத்தாலி, போர்ச்சுகீஸ் தலா ஆறே வாரம்!

வழி ரொம்பச் சுலபம். சத்தமாக வாசி. பிடித்த விஷயத்தைப் பற்றி எழுது. திருத்தி வாங்கி மனப்பாடம் செய். மறுநாள் ஒப்பி. ரஷ்ய மொழிக்கு மட்டும் வாத்தியார் கிடைக்கவில்லை. அதனால்தான் கூலிக்கு ஒரு காது. போட்ட சத்தத்தில் இரண்டு தடவை வீடு மாற வேண்டியிருந்தது.

இந்தப் பாடு எதற்கு? ரஷ்ய வியாபாரிகள் அவுரிச் சாயம் வாங்க வருவார்கள். 1846ல் முதலாளி அவரைத் தன் ஏஜெண்டாக ரஷ்யாவுக்கே அனுப்பினார். பணம் கொட்டியது.

இவ்வளவும் அவரே பிற்பாடு எழுதிவைத்த கதை. மனுஷர் கொஞ்சம் அளப்பவர்தான். ஆனால், போன நாட்டின் மொழியிலேயே அவர் எழுதிய டைரிகள் இன்றும் ஏதென்ஸில் இருக்கின்றன. அவை சாட்சி.

சின்ன வயதிலிருந்து அவர் ஆசைப்பட்ட மொழி கிரேக்கம். அதைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டார். தொட்டால் அந்த மயக்கத்தில் வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். கையில் போதுமான பணம் சேர்ந்தபின், 1856ல்தான் தொட்டார். பயந்தது போலவே ஆனது. வியாபாரத்தை விட்டார், ஹோமரைக் கையில் பிடித்துக்கொண்டு துருக்கிக்குப் போனார். 1871ல் ட்ராய் நகரைத் தேடிப் பெரிய அளவில் தோண்ட ஆரம்பித்தார். 1873ல் தங்கப் புதையல்!

நாம்? 'முப்பது நாளில் ஹிந்தி' வாங்கி, நாலாம் நாள் பரணில் போடுகிறோம். மூளைக்குக் குறைச்சல் இல்லை. வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

1890 கிறிஸ்துமஸ் அன்று, காது ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் வழியில், இத்தாலியின் நேப்பிள்ஸ் தெருவில் ஷ்லீமன் சுருண்டு விழுந்தார். யார், என்ன என்று கூடியவர்கள் விசாரித்தது, அவர் ஆறே வாரத்தில் கற்ற மொழியில். பதில் சொல்ல வாய் எழவில்லை. மறுநாள் இறந்துபோனார்.