காணாது கொடுத்த பொருள்: நாற்பதைக் கடந்த ஆணுக்குப் பிறந்தநாள் பரிசு தேர்வது குறித்து

1. ஆய்வின் எல்லை

குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அதுவே கேட்டுவிடும். வயதுவந்த ஆணிடம் கேட்டால், "எனக்கு எதுக்குப்பா இப்ப? இருக்கிறதே போதும்" என்ற பதில்தான் வரும். கேட்டவர் கடைக்குப் போய், கண்ணில் பட்ட சட்டையையோ மணிபர்சையோ வாங்கி வருவார். அது பீரோவின் மேல்தட்டில், பெட்டியோடு, இதே வழியில் வந்த மற்ற பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்.

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தில் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட ஆணுக்கு மனைவி, மக்கள், உடன்பிறந்தோர், நெருங்கிய நண்பர் ஆகியோர் கொடுக்கும் பரிசை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்து வாங்குவது வேறு வகை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். என் துணிபு இது: கடையில் தொடங்கும் தேர்வு பெரும்பாலும் தவறும். அவர் அன்றாடம் கையாளும் பொருள்களைப் பார்ப்பதில் தொடங்கும் தேர்வு தவறுவது அரிது.

2. புறநானூற்றில் மூன்று கொடைகள்

கொடுப்பதைப் பற்றித் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே நுட்பமாக யோசித்திருக்கிறார்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததையும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததையும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். நம் கேள்விக்கு உதவுபவை அவ்வளவாகப் பேசப்படாத வேறு மூன்று பாடல்கள்.

முதலாவது 208ஆம் பாடல். குன்றும் மலையும் பல கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார் பெருஞ்சித்திரனார். அரசன் அவரை நேரில் காணாமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொருள் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்கவில்லை. தன்னைப் பாராமல் தந்த பொருளைப் பெற்றுப்போகத் தான் வாணிகன் அல்லன் என்கிறார். தன் தகுதியை அறிந்து தருவது தினையளவே ஆனாலும் தனக்கு இனியது என்கிறார். தொலைவில் இருந்துகொண்டு இணையத்தில் விலையுயர்ந்த பொருளைத் தேர்ந்து, நேரே அப்பா வீட்டு வாசலில் இறக்கிவிடும் பிள்ளைகள் இப்பாடலை ஒருமுறை படிக்க வேண்டும்.

இரண்டாவது 140ஆம் பாடல். விறலியர் பறித்து வந்த கீரைக்குத் துணையாகச் சிறிது அரிசி கேட்கிறார் ஔவையார். நாஞ்சில் வள்ளுவன் யானையைக் கொடுக்கிறான். தெளிவில்லாத ஈகை என்றும் ஒன்று உண்டோ என்று கேட்கிறார் ஔவையார். உரையாசிரியர்கள் இதைப் புகழ்ச்சியாகவே கொள்வார்கள், அது சரிதான். ஆனாலும் அரிசி கேட்டவருக்கு அன்றைய உலைக்கு யானை உதவாது என்ற உண்மை அப்பாடலுக்குள் இருக்கிறது. கொடுப்பவன் தன் தகுதியை எண்ணிக் கொடுத்தான். கேட்டவரின் தேவையை எண்ணியிருந்தால் அரிசி வந்திருக்கும்.

மூன்றாவது 378. இளஞ்சேட்சென்னி தந்த அணிகலன்களைப் புலவரின் சுற்றத்தார் அதற்குமுன் பார்த்ததே இல்லை. விரலில் இடுவதைச் செவியிலும், செவிக்குரியதை விரலிலும், இடைக்குரியதைக் கழுத்திலுமாக அணிந்துகொள்கிறார்கள். சிரிப்பு நிறைந்த அழகான பாட்டு. பழக்கமே இல்லாத பொருள் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மூன்றே பொத்தான் கொண்ட கைபேசியில் பழகிய பெரியவருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தருவதும் இந்த வகையே.

3. அண்மைக்கால ஆய்வுகளும் நம் வீடுகளும்

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பரிசைப் பெற்ற மாணவர்களிடம் அதன் மதிப்பைக் கேட்டபோது, கொடுத்தவர் செலவிட்டதைவிட 10 விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகவே மதிப்பிட்டார்கள். நண்பர்கள் தந்தவற்றில் இந்த இழப்பு குறைவு. எப்போதாவது பார்க்கும் மூத்த உறவினர்கள் தந்தவற்றில் அதிகம். அடிக்கடி பார்ப்பவருக்குத் தெரிகிறது என்பதே இதன் பொருள்.

விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுப்பவர் நம்புகிறார், பெறுபவருக்கு அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று ஃபிளின், ஆடம்ஸ் ஆகியோர் 2009இல் காட்டினார்கள். பொட்டலம் பிரியும் அந்தக் கணத்தைக் கொடுப்பவர் எண்ணுகிறார், பிறகு அதை வைத்துக்கொண்டு வாழப்போகும் நாள்களைப் பெறுபவர் எண்ணுகிறார் என்பது காலக், கிவி, வில்லியம்ஸ் மூவரும் 2016இல் எழுதியதன் சாரம். இவ்விரண்டும் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்.

பொருந்தாத ஒன்றும் உண்டு. பெறுபவர் தாமே கேட்ட பொருளைக் கொடுத்தால் அவர் கூடுதலாக மகிழ்வார் என்று ஜீனோவும் ஃபிளினும் 2011இல் கண்டார்கள். நம் ஆண்கள் கேட்க மாட்டார்களே! பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், மகள் திருமணம் என்ற வரிசையில் தம் தேவையைக் கடைசியில் நிறுத்திப் பழகியவர்கள் அவர்கள். "வேண்டும்" என்று சொல்வதே குடும்பத்துக்குச் செலவு வைப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் மூன்றுமே கடமைகள் என்றும், அவற்றால்தான் சமூகம் பிணைந்திருக்கிறது என்றும் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் 101 எழுதினார், யார் 501 எழுதினார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கணக்குப் பார்த்தவர் தம் பிறந்தநாள் பரிசையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். "எவ்வளவு ஆச்சு?" என்பது அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியாக இருப்பதற்கு இதுவே காரணம். அதில் அலட்சியம் இல்லை. விலை கண்ணில் படாத பொருள், அல்லது விலை குறைவாக இருந்து பொருத்தம் மிகுந்த பொருள், அவரை இந்தக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது.

4. கவனிக்கும் முறை

கேட்டுப் பயனில்லை என்றால் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது? அவர் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் பொருளை முதலில் பார்க்கலாம்: கம்பி ஒடிந்து நூலால் கட்டிய குடை, வார் மாற்றி மாற்றித் தைத்த செருப்பு, பிடி தளர்ந்து மூக்கில் இறங்கும் கண்ணாடி. அடுத்து, அவர் பிறரிடம் இரவல் வாங்கும் பொருள். மூன்றாவது சற்றுக் கடினமானது: முன்பு விரும்பிச் செய்து, இப்போது சத்தமில்லாமல் விட்டுவிட்ட வேலை.

நாற்பதைக் கடந்த பிறகு பலருக்கும் வெள்ளெழுத்து வருகிறது; விழிவில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகில் உள்ள எழுத்து மங்குகிறது. இரவில் புத்தகம் படித்தவர் படிப்பதை நிறுத்துகிறார். "தூக்கம் வருது" என்கிறார். வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். அவருக்குப் புதிதாக இன்னொரு நாவல் வாங்கித் தருவதால் பயனில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி, சாய்வு நாற்காலிக்குப் பின்னால் தோளுக்கு மேலிருந்து ஒளி விழும்படி ஒரு விளக்கு: இவை இரண்டும் கிடைத்தால் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் எல்லாமே அவருக்குத் திரும்பக் கிடைக்கின்றன. நான் அறிந்த பரிசுகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

5. பொருள்வகைகள்

5.1 வேட்டி

ஆண்களுக்கான உடைகளில் அளவுத் தொல்லை மிகக் குறைந்தது வேட்டி. மார்பளவு 40ஆ 42ஆ என்று திருட்டுத்தனமாகப் பழைய சட்டையின் காலரைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா வேட்டியும் ஒன்று என்று நினைப்பவர் ஏமாறுவார். நாலு முழம் ஏறக்குறைய 2 மீட்டர், ஒற்றையாகக் கட்டுவது. எட்டு முழம் இரட்டையாக மடித்துக் கட்டுவது. பருத்த உடலுள்ளவருக்கு நாலு முழம் நடக்கும்போது விலகும். ஆண்டு முழுவதும் எட்டு முழம் கட்டியவர் ஒற்றை வேட்டியில் வெளியே போகக் கூசுவார். எது என்பதை அவர் கொடியில் காயப்போட்டிருப்பதே சொல்லிவிடும்.

அந்தக் கொடியருகே சற்று நின்று பார்ப்பது நல்லது. பழைய வேட்டியில் நூல் முதலில் இற்றுப்போவது, நாள்தோறும் இஸ்திரி மடிப்பு விழும் கோட்டில். பிறகு குதிகாலில் உரசும் கீழ்க்கரையில். மடிப்பில் மட்டும் இற்றிருந்தால் அவர் கஞ்சி போட்டு விறைப்பாகக் கட்டுபவர். புதியதும் அதைத் தாங்குவதாக இருக்க வேண்டும். நூலின் எண் கூடக் கூட இழை மெலியும். 100ஆம் எண் நூல் வேட்டி கையில் வழுக்கும், விசேஷத்துக்கு அழகு. அன்றாடம் கட்டித் துவைப்பதற்கு 40, 60 போன்ற தடித்த நூலே உழைக்கும். கரையையும் பார்க்க வேண்டும். சில நிறச் சேர்க்கைகள் கட்சிக் கரைகள்; அரசியல் பேசாத மனிதருக்கு அவற்றை வாங்கித் தந்தால் தெருவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டி முதுமையில் கை நடுங்குவோருக்கு உண்மையான உதவி. மற்றவருக்கு அதைத் தரும்போது அவர் மனம் அறிந்து தர வேண்டும்.

5.2 கைக்கடிகாரம்

கடையில் பரிசு என்றதும் காட்டப்படுவது கடிகாரம். ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்த 1980களுக்குப் பிறகு குவார்ட்ஸ் கடிகாரம் எங்கும் பரவி, இன்று பல ஆண்களிடம் இரண்டு மூன்று கிடக்கின்றன. நான்காவது வேண்டியதில்லை. அறுபதை ஒட்டிய வயதுடையவரின் மேசை இழுப்பறையில் நின்றுபோன எச்.எம்.டி. ஒன்று இருக்க வாய்ப்புண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி அது. 2016இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. முதல் சம்பளத்திலோ திருமணத்திலோ வந்த ஜனதா அல்லது பைலட், கையால் சாவி கொடுக்கும் வகை. நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே உறைந்த பழைய எண்ணெயாகத்தான் இருக்கும். அனுபவமுள்ள கடிகாரக்காரர் பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டு, தேவையானால் சுருள்வில்லை மாற்றுவார். மேல்மூடி கண்ணாடியன்று, அக்ரிலிக். கீறலைத் தேய்த்தே போக்கிவிடலாம். முகப்பை மட்டும் புதிதாக மாற்ற விடக் கூடாது. மஞ்சளேறிய அந்த எண்கள்தாம் அவருக்குத் தெரிந்த கடிகாரம்.

5.3 பிற

இனிப்புப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் போதும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர் ரத்தப் பரிசோதனை முடிவு தெரியாமல் இனிப்பு வாங்குவது அக்கறை ஆகாது. பணமாகக் கொடுத்தால் அது அன்று மாலையே பேரனுக்கான செலவில் கரைந்துவிடும். பயணம் நல்ல பரிசு, கூடவே போனால். பயணச்சீட்டை மட்டும் கையில் திணித்து அனுப்புவது பெருஞ்சித்திரனார் மறுத்த கொடையின் சாயல் உடையது.

6. எந்த நாளில்

மூத்த தலைமுறை ஆண்கள் பலருக்குச் சான்றிதழில் உள்ள பிறந்தநாள், பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் வயது கணக்குப் பார்த்து எழுதியது. வங்கியும் கைபேசியும் அந்த நாளில் வாழ்த்துகின்றன. அவர் மனத்தில் இருப்பதோ ஆவணி அவிட்டம், தை உத்திரட்டாதி என்று அம்மா சொன்ன மாதமும் நட்சத்திரமும். அந்த நாளை அறிந்து கொடுப்பவர் பொருளைப் பிரிக்கும் முன்பே பாதி கொடுத்தவராகிறார்.

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அறுபது நிறையும்போது பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வருகிறது. 1966 சித்திரைக்குப் பின் பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு 2026 சித்திரையில் மீண்டும் பராபவ. திருக்கடையூரிலோ வீட்டிலோ மணிவிழா நடக்கும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்த்தப்பட்டதால், இப்போது மணிவிழாவும் பணிநிறைவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன. சால்வைகள் குவிகின்றன, குத்துவிளக்கும் வெள்ளித்தட்டும் வந்து சேர்கின்றன. அந்த விழாவில் நம் பரிசும் கூட்டத்தோடு ஒன்றாகிவிடும். ஒரு நல்ல வேட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவையும் யோசனையையும் 61ஆம் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அந்த ஆண்டை யாரும் கொண்டாடுவதில்லை. சட்டைப்பைப் பேனாவுக்கும் சாப்பாட்டுக் கேரியருக்கும் வேலை போய், காலை ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஓராண்டு கழிந்திருக்கும். அதற்குள் அவர் எதையோ செய்யத் தொடங்கியிருப்பார்: மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பார், பழைய மிதிவண்டியைத் துடைத்திருப்பார், பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தொட்டிக்குச் சமையலறைக் கரண்டியால் மண் கிளறுகிறார் என்றால், வாங்க வேண்டியது ஒரு நல்ல கைக்கொத்தும் பூவாளியும், இரண்டு மூட்டை மண்புழு உரமும்.