நல்லதுதான், ஆனால் கட்டுப்படி ஆகாது! – நூறு வருடத்துப் பதில்

"சூழலுக்கு உகந்த ஆடை" என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. ஆர்கானிக் பருத்தி, இயற்கைச் சாயம் என்று துணிக்கடை விளம்பரத்திலேயே வருகிறது. ஆனால் எங்கள் கோவிலம்பாக்கத்திலிருந்து தீபாவளித் துணி எடுக்க தி.நகருக்கோ குரோம்பேட்டைக்கோ பஸ் ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நல்லதுதான், ஆனால் விலை கட்டுப்படி ஆகாது" என்பார்கள். இந்தப் பதிலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது தெரியுமா?

மதுரை ரயிலில் ஒரு பேச்சு

1921 செப்டம்பர். காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிறார். பெட்டியில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோருமே வெளிநாட்டுத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் வாங்குங்கள் என்று அவர்களிடம் பேசினார். எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை, கதர் விலை அதிகம் என்று அவர்கள் தலையசைத்து மறுத்துவிட்டார்கள்.

அப்போதைய கவலை சுற்றுச்சூழல் அல்ல, நூற்பவர், நெய்பவரின் பிழைப்பு. ஆனால் வாங்குகிறவர் முன்னால் இருந்த கேள்வி இன்றைக்கு உள்ளதுதான். அடுத்தவருக்கும் நன்மை தரும் துணி விலை கூட, மற்றது மலிவு. எதை எடுப்பது?

அந்தப் பயணிகள் சொன்னது உண்மை என்பதைக் காந்தி மறுக்கவில்லை. சட்டை, தொப்பி, முழு வேட்டி எல்லாவற்றையும் கதரில் வாங்க ஏழையால் முடியாது. அப்படியானால் துணியைக் குறைத்துக்கொள்ளலாம், இடுப்புத் துணி மட்டும் போதும் என்ற முடிவுக்கு வந்தார். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரைத்துணிக்கு மாறினார். நாம் இதை எளிமையின் அடையாளமாக மட்டும் படித்திருக்கிறோம். "விலை அதிகம்" என்ற வாடிக்கையாளருக்குச் சொன்ன பதிலும் அதுதான்: குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு.

தோளில் கைத்தறி

1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்பது அதன் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகும் மில் துணியோடு போட்டி போட முடியாமல் தறிகள் முடங்கின. 1953-ல் அண்ணா உள்ளிட்ட தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அவர்களை எதிர்த்த முதலமைச்சர் ராஜாஜியோ, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டார். எதிரெதிர் அணிகள் ஒரே துணிக்காகப் பேசின! அதே ஆண்டு மில் துணி மீது கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் கதரையும் கைத்தறியையும் வளர்க்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது.

தலைவர் கையால் வாங்குவது பெருமை. ஆனால் தலைவர் தினமும் தெருவுக்கு வர முடியுமா? பிறகு மக்களைக் கைத்தறிக் கடைக்குள் இழுத்தது தள்ளுபடிதான். காந்தி ஜெயந்தி, தீபாவளி என்றால் கதர், கைத்தறித் தள்ளுபடி நினைவுக்கு வரும். இப்படி விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

டெரிகாட்டன் வந்த வேகம்

1960-களிலும் 70-களிலும் டெரிலீன், டெரிகாட்டன், நைலக்ஸ் எல்லாம் வந்தன. மக்கள் மயங்கிவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பருத்திச் சேலைக்குப் பின்னால் இருக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். துவைக்க வேண்டும், கஞ்சி போட வேண்டும், நீவி உலர்த்த வேண்டும், இஸ்திரி போட வேண்டும். அதில் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுந்தது. அலசிக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும், சுருங்காத துணி அவர்களுக்கு நிஜமான விடுதலை. நல்ல துணியின் பெருமை பேசும்போது இந்தக் கூலியில்லா உழைப்பை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மிச்சத்தைக் கட்டியது யார்?

மலிவுத் துணியின் இன்னொரு கணக்கு திருப்பூரில் தெரிந்தது. பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பக்கத்து ஊர் குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான்!

அதாவது, மலிவு விலையில் குறைந்த பணம் எங்கும் காணாமல் போகவில்லை. நாம் கட்டாததை அந்த விவசாயி கட்டினார்.

கந்தல்வரை போன துணி

ஒரு விஷயத்தில் பழைய வீடுகள் நம்மைவிட முன்னால் இருந்தன. அண்ணன் சட்டை தம்பிக்கு வந்தது. நைந்த வேட்டியும் சேலையும் குழந்தைக்குத் தூளி ஆயின. பிறகு அடுப்படியில் கரித்துணி. மிச்சத்தை வாசலில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினார்கள். இதற்கு அவர்கள் பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை, சிக்கனம் என்றார்கள். இன்று ஆஃபரில் எடுத்த டி-ஷர்ட் நாலே துவையலில் குப்பைக்குப் போகிறது. அது பாலியஸ்டர் என்றால் லேசில் மக்காது. நம் பக்கத்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடி குப்பை மேடு எப்படி வளர்ந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, மக்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தலைவர் விற்றபோது வாங்கினார்கள், தள்ளுபடி தந்தபோது வாங்கினார்கள். நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையைச் சேலையோடு கோ-ஆப்டெக்ஸ் கொடுத்தபோது ஆர்வமாகப் பார்த்தார்கள். விலையும் உழைப்பும் இடித்தபோது விலகினார்கள்.

மாணவர்களான நம் கையில் ஆர்கானிக் பருத்திக்குப் பணம் இல்லை, சரி. ஆனால் மூன்று மலிவுச் சட்டைக்குப் பதில் ஒரு நல்ல சட்டை எடுத்து மூன்று வருடம் போடலாமே? மதுரை ரயிலில் எழுந்த கேள்விக்கு 1921-ல் கிடைத்த பதிலும் ஏறக்குறைய இதுதான். அடுத்த முறை விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும்போது, மிச்சத்தை யார் கட்டுகிறார்கள் என்றும் ஒரு நொடி யோசியுங்கள் நண்பர்களே.