பல்லிழந்த சூரியனும் கவிபுரத்து வெளிச்சமும்

மகர சங்கராந்தி மாலையில் பெங்களூரு கவிபுரத்துக் கவி கங்காதரேஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரியும். ('கவி' என்றால் கன்னடத்தில் குகை, புலவர்கள் உரிமை கொண்டாட வேண்டாம்.) மேற்கே சாயும் வெயில் சாளரம் வழியே நுழைந்து, நந்தியின் இரு கொம்புகளுக்கு நடுவே புகுந்து, குகைக்குள் இருக்கும் லிங்கத்தைத் தொட்டுச் சற்று நேரம் நிற்கும். சூரியன் சிவனைப் பூசிக்கிறான் என்பார்கள் பக்தர்கள்.

ஆனால் பழைய கதைகளில் இருவருக்கும் இருந்த உறவு வேறு. தக்கன் வேள்வியில் அவிர்பாகம் வாங்கப் போன தேவர்களைச் சிவன் ஏவிய வீரபத்திரர் அடித்து நொறுக்கும்போது, ஆதித்தர்களில் பகன் கண்ணை இழக்கிறான், சூரியனாகவே கொள்ளப்படும் பூஷன் பல்லை இழக்கிறான். தமிழ்ச் சைவம் இதை ரசித்தே பாடியிருக்கிறது. திருவாசகத்தின் திருவுந்தியார் பல்லிழந்த சூரியனை விளையாட்டுப் பாட்டாக்கிவிட்டது. வேதத்தில் தனிப்பெருமையோடு நின்ற கடவுளைச் சைவம் இப்படித்தான் ஒரு படி கீழே இறக்கியது.

ஆனாலும் சூரியன் ஒழிந்துபோகவில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சூரியனார்கோயிலுக்குக் குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம் என்று பெயர். அங்கே போகுமுன் பக்கத்துத் திருமங்கலக்குடியில் சிவனைக் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். ஒடிசாவில் 13ஆம் நூற்றாண்டில் கொனாரக் சூரியன் கோயில் எழுந்தபோது தமிழகச் சிவாலயங்களில் சூரியன் திருச்சுற்றின் ஓரத்தில் மேற்கு பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

பழைய சூரியக் கடவுளைப் புதிய தலைமைக் கடவுளோடு எப்படி வைப்பது என்ற இதே சிக்கலை எகிப்தியர் வேறு வழியில் தீர்த்தார்கள். தீப்ஸ் நகரத்துக் கடவுள் அமுன், பழைய சூரியக் கடவுள் ரா இருவரையும் சேர்த்து அமுன்-ரா என்று ஒரே பெயராக்கினார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெனாட்டன் என்ற அரசன் மட்டும் அதற்கு உடன்படவில்லை. கதிர்வட்டமான ஆட்டனை உயர்த்தி, சுவர்களிலிருந்து அமுன் பெயரைச் செதுக்கி எடுத்தான். அவன் மறைந்ததும் அமுன் திரும்பிவந்தான். துட்டங்காட்டன் என்ற இளவரசனின் பெயரே துட்டங்காமுன் ஆனது. பிறகு இரண்டாம் ராம்சேஸ் கட்டிய அபு சிம்பெலில், ஆண்டுக்கு இரு நாள், பிப்ரவரியிலும் அக்டோபரிலும், கருவறைச் சிலைகள்மேல் வெயில் விழுகிறது. அங்கே ஒளி வேறு, கடவுள் வேறு அல்ல. அச்சிலைகளில் இருளுக்குரியவர் எனச் சொல்லப்படும் பிட்டா மட்டும் ஒளி படாமல் அமர்ந்திருப்பார்.

கவிபுரத்தில் ஒளி விருந்தாளிகூட இல்லை, அடியார். முற்றத்தில் கல்தூண்கள்மேல் நிற்கும் பெரிய வட்டத்தட்டுகளைச் சூரிய பானம், சந்திர பானம் என்கிறார்கள். இருவரையும் வெளியே நிறுத்திவைத்த மாதிரி எனக்குத் தோன்றும். 16ஆம் நூற்றாண்டில் கெம்பே கவுடர் விரிவாக்கியதாகச் சொல்லப்படும் இக்கோயிலைப் பற்றி 2008இல் பி.எஸ். ஷைலஜாவும் உடன் ஆய்வாளர்களும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 1792இல் டேனியல் ஓவியர்கள் வரைந்த படத்தோடு இன்றைய கட்டடத்தை ஒப்பிட்டால், மண்டபங்கள் பல பின்னால் வந்தவை. இடையில் மறைப்பில்லாத அக்காலத்தில் அயன நாட்களில் ஒளி உள்ளே விழுந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. கட்டியவர்கள் நாள் பார்த்துச் சுவர் எழுப்பினார்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

டிசம்பர் 21ஐ ஒட்டித் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் சூரியன், போகும்போதும் வரும்போதும் அதே இடத்தைக் கடக்கிறது. ஆகவே இன்று லிங்கத்தின்மீது வெயில் விழுவது ஒருமுறை அல்ல, நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையிலும் விழுகிறது. அந்த நாட்களுக்குச் சங்கராந்தி போலப் பெயர்பெற்ற திருநாள் கிடையாது. சூரியனுக்கென்றே இருந்த தை முதல் நாளைத்தான் சிவன் சந்நிதி எடுத்துக்கொண்டது.