எண்ணூர்க் கழிமுகச் சேறும் நிலக்கரிச் சாம்பலும்

எண்ணூர்க் கழிமுகம் என்பது வடசென்னையில் கொசஸ்தலையாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்திலுள்ள உவர்நீர்ப் பரப்பாகும். பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியின் முதல் பகுதி 1806-இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. அலையாத்திக் காடு, உப்பளம், இறாலும் நண்டும் பெருகும் சேற்றுநிலம் என்பவையே இவ்விடத்தின் பழைய அடையாளங்கள். இன்று அதே சேறு சாம்பலால் மாசுபட்டுக் கிடக்கிறது.

மண்ணையும் ஆற்றுப் படிவையும் உலோகங்கள் கெடுப்பதைப் பற்றிய பேச்சில் சிறு தங்கச் சுரங்கங்களே முதலில் நினைவுக்கு வரும். அங்கே பொன்துகளைப் பிரிக்கப் பாதரசத்தைக் கலந்து, பின் சூடேற்றி ஆவியாக்குகிறார்கள். மனிதச் செயல்களால் காற்றில் சேரும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு இத்தொழிலிலிருந்து வருவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2018-இல் மதிப்பிட்டது. அதற்கு அடுத்த பெரிய மூலம் நிலக்கரி எரிப்பு. எண்ணூரில் பொன் இல்லை, நிலக்கரி உண்டு.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. கப்பலில் வரும் நிலக்கரியை இறக்க 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி: நூறு டன் எரித்தால் முப்பது முதல் நாற்பத்தைந்து டன் வரை எஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். சாம்பலைச் சிமெண்ட், செங்கல் ஆகியவற்றுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இலேயே அறிவிக்கை வெளியிட்டிருந்தது. ஆனால் குழம்பைக் குட்டைக்குத் தள்ளுவதே எளிய வழி.

குழாய்கள் கழிமுகத்தைக் கடந்து செல்கின்றன. அரிப்பால் அவை கசிந்தன. கசிந்த சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்தது. சாம்பலில் ஈயம், ஆர்செனிக், குரோமியம், சிறிதளவு பாதரசம் போன்றவை உள்ளன. நீரோட்டம் தணியும் இடத்தில் நுண்துகள்கள் அடியில் தங்க, உலோகங்களும் அவற்றோடு தங்கிவிடுகின்றன. ஆக்சிசன் அற்ற சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றக்கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம், ஆலைக் கழிவு வழியே மீனில் சேர்ந்த இப்பொருளே.

மீனவருக்கு வேதியியலை விட முதலில் தெரிந்தது ஆழம். படுகை உயர்ந்ததால் படகு தட்டியது. முன்பு இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்த இருளர்களுக்கு, காலுக்கடியில் இருந்த சேறே மாறிப்போனது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் வாழ்வு இந்தப் படுகையை நம்பியது.

2017 சனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோதும் நாடே பார்த்தது. எண்ணெய் மிதக்கும்; வாளியால் அள்ளுவதையும் படம் பிடிக்கலாம். சாம்பல் மூழ்கிவிடும். பல ஆண்டுகள் மீனவர் தரப்பு எழுப்பிய புகாரே வழக்காகித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2022-இல் அதன் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசைச் சீரமைக்க உத்தரவிட்டது.

சீரமைப்பது எளிதன்று. காற்றுப்படாத சேற்றில் கந்தகத்தோடு இறுகியிருக்கும் உலோகங்கள், தூர்வாரும்போது ஆக்சிசன் பட்டு மீண்டும் நீரில் கரையலாம். அள்ளிய சேற்றைக் கொட்டவும் பாதுகாப்பான இடம் வேண்டும். கரையில் குவித்தால் அடுத்த வெள்ளம் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னையில் 800 மெகாவாட் திறன்கொண்ட மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது.